600 மி.மீ. லென்ஸ், மங்கலான கொக்கு: பறவைப் படங்களின் கோளாறுகளைத் தேடிப் பிடிப்பது

செகண்ட் ஹேண்டில் ஒரு 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கிய முதல் இரண்டு மாதம், அது பழுதான லென்ஸ் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். சென்னை பள்ளிக்கரணைச் சதுப்பில் எடுத்த நாரையும் மங்கல், வீட்டு மொட்டை மாடியில் எடுத்த காகமும் மங்கல். சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய்க் காட்டினேன். லென்ஸில் ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம்கூட. கடைசியில் பார்த்தால், லென்ஸை விற்றவர் ‘கண்ணாடிக்குப் பாதுகாப்பு’ என்று இலவசமாக மாட்டிக் கொடுத்த மலிவான யூவி ஃபில்டர்தான் காரணம். அதைக் கழற்றிய அன்று மாலை, அதே காகத்தின் அலகு மேலே படிந்திருக்கும் முள்முடிகூட எண்ணும்படி வந்தது.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. படம் கெட்டால் லென்ஸைத் திட்டுவதற்கு முன்னால் படத்தையே விசாரிப்பேன். கணினியில் திறந்து 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம். பெரிதாக்கிய பிறகு பறவையை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள். வேறெங்காவது கூர்மை இருக்கிறதா? மங்கலுக்கு ஒரு திசை இருக்கிறதா? கிளை தெளிவாக இருந்து பறவை மட்டும் கரைந்திருக்கிறதா? படம் முழுக்கவே கஞ்சி மாதிரி இருக்கிறதா? இந்த நான்கில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஐந்து செட்டிங்கை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

கீழே நான் சொல்லும் கணக்குகள் 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) பாடிக்கும் 600 மி.மீ. முனைக்கும் பொருந்தும். உங்களிடம் 100-400 அல்லது 200-500 இருந்தால் எண்கள் கொஞ்சம் மாறும், நோய்கள் அதேதான்.

பறவை மங்கல், பின்னாலிருக்கும் கோரை கூர்மை

அதிகம் வரும் கோளாறு இதுதான். ஃபோகஸ் தப்பிய இடத்தில் விழுந்திருக்கிறது. 600 மி.மீ., எஃப் 6.3 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சின்னது), பறவை பத்து மீட்டரில் என்றால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். ஐந்து மீட்டருக்கு வந்தால் இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு தேன்சிட்டின் அலகு நுனிக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள தூரமே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். அலகு கூர்மையாகவும் கண் மங்கலாகவும் வந்தால் லென்ஸ் தன் வேலையைச் செய்திருக்கிறது என்றுதான் அர்த்தம், குறி வைத்த இடம்தான் தப்பு.

முதலில் ஃபோகஸ் முறையைப் பாருங்கள். ஒருமுறை பிடித்துப் பூட்டிக்கொள்ளும் முறையில் இருந்தால் (நிக்கான், சோனியில் ஏஎஃப்-எஸ், கேனனில் ஒன் ஷாட்) பூட்டிய பிறகு பறவை தலையை முன்னே நீட்டினாலே போதும், கூர்மை போய்விடும். மேயும் உண்ணிக்கொக்கு ஒவ்வொரு அடிக்கும் கழுத்தை ஆட்டும். அதனால் தொடர்ந்து பின்பற்றும் முறையிலேயே (ஏஎஃப்-சி, கேனனில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ) வைத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்திருக்கும் பறவைக்கும்கூட.

அடுத்து ஃபோகஸ் புள்ளி. கேமராவே புள்ளியைத் தேர்ந்தெடுக்கும்படி விட்டால், பறவைக்கு முன்னால் நிற்கும் சம்புத் தட்டையை அது விரும்பிப் பிடிக்கும். அருகில் இருப்பதும் கோடு கோடாக இருப்பதும் அதற்குப் பிடித்த சாப்பாடு. கோரைக்குள் நிற்கும் நீலத் தாழைக்கோழிக்கு ஒற்றைப் புள்ளி, அதிலும் இருப்பதிலேயே சின்னப் புள்ளி. மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராவின் பறவைக் கண் தேடல் நல்ல வசதிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டமாக நிற்கும் நாரைகளில் எந்தக் கண்ணை எடுக்கும் என்பது அதன் விருப்பம். கரிச்சானின் கறுப்பு முகத்தில் கண் இருப்பதே சில நேரம் அதற்குத் தெரியாது. கண் தேடலை ஒரு பொத்தானிலும் ஒற்றைப் புள்ளியை இன்னொரு பொத்தானிலும் வைத்துக்கொண்டால் சண்டை இல்லை.

இவை எல்லாம் சரி, ஆனாலும் எப்போதும் ஒரே மாதிரி கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழுகிறது என்றால், கேமரா டிஎஸ்எல்ஆர் (பிரதிபலிப்புக் கண்ணாடி உள்ள வகை) தானே என்று பாருங்கள். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு. இரண்டுக்கும் இடையே சின்ன வித்தியாசம் இருந்தால் தொலைநோக்கு லென்ஸில் அது பெரிதாகத் தெரியும். சோதிப்பது எளிது. மாலையில், வெயில் விழாத ஒரு சுவரில் பழைய நாளிதழை ஒட்டுங்கள். பதினைந்து மீட்டர் தள்ளி ட்ரைபாடில் கேமராவை வைத்து, வியூஃபைண்டர் வழியாக ஐந்து படம், லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து) ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்க விடுங்கள். லைவ் வியூ படங்களில் எழுத்து தெளிவாகவும் வியூஃபைண்டர் படங்களில் மங்கலாகவும் இருந்தால் கேமரா மெனுவிலுள்ள ஏஎஃப் ஃபைன் ட்யூனை இரண்டிரண்டு எண்ணாக நகர்த்திச் சரிசெய்யலாம். சிக்மா லென்ஸுக்கு யூஎஸ்பி டாக், டாம்ரானுக்கு டாப்-இன் கன்சோல் என்று தனிக் கருவி உண்டு. அதற்கு ஒத்துழைக்கும் மாடல்களில் தூரத்துக்குத் தூரம் தனியாகத் திருத்தலாம். இரண்டு வகைப் படமும் மங்கல் என்றால் கோளாறு ஃபோகஸில் இல்லை, கீழே ‘கஞ்சி’ பகுதிக்குப் போங்கள். மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸும் பார்ப்பதால் அங்கே இந்த நோய் வருவதில்லை.

எல்லாமே ஒரே பக்கம் இழுபட்டிருக்கிறது

தண்ணீரில் மின்னும் ஒளிப்புள்ளிகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் சின்னச் சின்னக் கோடாக நீண்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. 600 மி.மீ. கிராப் சென்சாரில் 900 மி.மீ. மாதிரி நடந்துகொள்ளும். கை ஆட்டத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசர் இல்லாமல் கையில் பிடித்து எடுக்க 1/1000 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். ஸ்டெபிலைசர் இருந்தால் அசையாத பறவையை 1/250-இல்கூட எடுக்கலாம். ஆனால் பொத்தானைப் பாதி அழுத்தி அரை நொடியாவது பொறுக்க வேண்டும், உள்ளே இருக்கும் கண்ணாடி நிலைகொள்ள அந்த நேரம் தேவை. அடித்துப் பிடித்து அழுத்தினால் முதல் படம் ஆடியே இருக்கும். நான் எப்போதும் நாலைந்து படம் தொடர்ந்து எடுப்பேன். விரல் அழுத்தும் அதிர்ச்சி முதல் படத்தோடு போய்விடும், நடுவில் வருபவை தேறும்.

லென்ஸைப் பிடிக்கும் விதமும் முக்கியம். இந்த லென்ஸ்கள் இரண்டு கிலோ பக்கம் கனம். இடது கை முடிந்தவரை முன்னால், ஜூம் வளையத்துக்கு அடியில் தாங்க வேண்டும், இரண்டு முழங்கையும் விலாவில் ஒட்ட வேண்டும். காரிலிருந்து எடுக்கிறீர்களா? பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, இரண்டு கிலோ அரிசியோ காராமணியோ நிரப்பி, இரு முனையையும் தைத்து ஜன்னல் விளிம்பில் போடுங்கள். இதைவிட நல்ல தாங்கியை நான் காசு கொடுத்து வாங்கியதில்லை. இன்ஜினை அணைத்துவிடுங்கள், அந்த அதிர்வும் படத்தில் வரும்.

ட்ரைபாடில் வைத்தும் ஆடுகிறதா? ஸ்டெபிலைசரை அணைத்துப் பாருங்கள். பழைய வகைகள் ட்ரைபாடில் தாமாகவே நடுங்கும். நடுக்கம்பத்தை உயர்த்தியிருந்தால் இறக்குங்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் நீளமான ஹூட் காற்றில் பாய்மரம் மாதிரி வேலை செய்யும். வேடந்தாங்கலில் கண்காணிப்புக் கோபுரத்தின் மேல் ட்ரைபாட் போட்டிருந்தபோது, கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் படியேற ஆரம்பித்ததும் வியூஃபைண்டரில் கூழைக்கடா நடனமாடியது. அப்போதெல்லாம் லென்ஸைக் கையில் எடுத்துக்கொள்வதே மேல்.

கிளை பளிச், பறவை மட்டும் கரைந்திருக்கிறது

இதற்கு ஸ்டெபிலைசர் உதவவே உதவாது. அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், பறவையை நிறுத்தாது. ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். இருபது மீட்டர் தூரத்தில் ஃபிரேமின் அகலம் சுமார் 78 சென்டிமீட்டர், அதில் 6000 பிக்சல். நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பறவை 1/500 நொடியில் இரண்டு சென்டிமீட்டர் நகரும். அது 150 பிக்சலுக்கு மேல். 1/2000-இல் அதே பறவை 40 பிக்சல் அளவுக்குத்தான் நகரும். பறவையோடு சேர்த்து லென்ஸையும் திருப்பினால் உடலின் நகர்வு கிட்டத்தட்டக் காணாமல் போகும். சிறகு அடிப்பது மட்டும் மிஞ்சும்.

என் கைக்கணக்கு இது. அசையாமல் நிற்கும் பறவைக்கு 1/500. மேயும், தலையாட்டும் பறவைக்கு 1/1000. நாரை, கூழைக்கடா போல மெதுவாகச் சிறகடிப்பவை பறந்தால் 1/1600. பஞ்சுருட்டான், மீன்கொத்தி என்றால் 1/3200-க்குக் குறையாமல். வெளிச்சம் இல்லை, வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் பறவை நிற்கும் கணத்துக்குக் காத்திருங்கள். எவ்வளவு துறுதுறுப்பான குருவியும் தலையைத் திருப்பி முடித்ததும் ஒரு நொடி உறையும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும்போது உடல் ஆடினாலும் தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

எதுவும் இழுபடவில்லை, எதுவும் கூர்மையும் இல்லை: கஞ்சி

படம் முழுக்கவே கஞ்சி மாதிரி இருந்தால் நான் முதலில் சந்தேகிப்பது காற்றை. காலை ஒன்பது மணிக்கு மேல் பள்ளிக்கரணையில் தார்ச் சாலைக்கு மேலாகவோ கோடியக்கரையில் உப்பளத்துக்கு மேலாகவோ தூரத்துப் பூநாரையை எடுத்துப் பாருங்கள். தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்றும் மேலே இருக்கும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து வளைந்து வரும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த நெளிவை 600 மி.மீ. லென்ஸ் பெரிதாக்கிக் காட்டும். எந்த விலை லென்ஸாலும் இதைத் தாண்ட முடியாது.

கண்டுபிடிக்கும் வழி இது. ஒரே இடத்தைப் பத்துப் படம் வேகமாக எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் மங்கல் வேறு வேறு இடத்தில், வேறு வேறு அளவில் இருந்தால் காற்றுதான். லைவ் வியூவில் பெரிதாக்கினால் நீருக்கடியில் பார்ப்பது போல உருவம் நெளியும். மருந்து இரண்டுதான். சூரியன் ஏறுவதற்குள் எடுத்து முடிப்பது, அல்லது தூரத்தைக் குறைப்பது. இருபது மீட்டருக்குள் இருந்தால் உச்சி வெயிலிலும் ஓரளவு தப்பிக்கலாம். நூறு மீட்டர் என்றால் படத்தை மறந்துவிட்டு பைனாகுலரில் பார்த்து ரசியுங்கள். காருக்குள் ஏசி போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து எடுப்பவர்கள் இதே நெளிவைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். சூடான பானெட்டுக்கு மேலாக எடுப்பதும் அப்படியே.

காற்று இல்லையென்றால் ஃபில்டரைக் கழற்றுங்கள், என் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா. அகன்ற கோண லென்ஸில் தெரியாத ஒரு கண்ணாடிக் குறை தொலைநோக்கில் முகத்தில் அடிக்கும். முன்கண்ணாடியைக் காக்க ஹூட் போதும்.

அதுவும் இல்லையென்றால் அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் திறப்பை, கொஞ்சம் மூடிப் பாருங்கள். இந்த வகை ஜூம்கள் பலவும் நீளமான முனையில், முழுக்கத் திறந்த நிலையில்தான் கொஞ்சம் சோம்பும். எஃப் 6.3-இலிருந்து எஃப் 8-க்குப் போனால் இழப்பது மூன்றில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). 600-ஐ விட்டு 500-க்கு இறங்குவதும் சில லென்ஸ்களில் அதே பலன் தரும். லென்ஸின் எட்டும் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டர் மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் எஃப் 6.3-ஐ எஃப் 9 ஆக்கிவிடும், பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் ஆட்டோ ஃபோகஸ் அதற்கு வேலை செய்யாது.

லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, அல்லது அசையவே மாட்டேன் என்கிறது

ஓடுகிறது என்றால் பிடிக்க எதுவும் கிடைக்கவில்லை. வெறும் வானம், நிழலான புதர், பனிமூட்டம். பறவை இருக்கும் அதே தூரத்திலுள்ள ஏதாவது ஒரு கிளையில் முதலில் ஃபோகஸ் செய்து பிறகு பறவைக்கு வாருங்கள். லென்ஸ் பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லையைக் குறைக்கும் ஸ்விட்ச் இருக்கும். பத்து மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடு என்று வைத்தால் ஓட்டம் பாதியாகக் குறையும்.

அசையவில்லை என்றால் பெரும்பாலும் அதே ஸ்விட்ச்தான் குற்றவாளி. நாலு மீட்டரில் ஒரு தையல்சிட்டு வந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. லென்ஸ் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. முந்தின நாள் ஏரியில் போட்டு வைத்த எல்லையை நான் எடுக்கவே இல்லை. பையிலிருந்து உருவும்போது ஏஎஃப் ஸ்விட்ச் உரசி எம்எஃப்புக்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறைக்கு) மாறிவிடுவதும் அடிக்கடி நடக்கும். அப்புறம் பேட்டரி. அதற்கும் அப்புறம், லென்ஸின் பின்பக்கமுள்ள பொன்னிறத் தொடுமுனைகளை உலர்ந்த சுத்தமான துணியால் துடைப்பது. புது பாடி வாங்கிய பிறகு பழைய லென்ஸ் முரண்டு பிடித்தால் லென்ஸின் ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பறக்கும் பறவை ஃபிரேமுக்குள் வருவதே இல்லை

600-இல் வைத்துக்கொண்டு வானத்தில் பறவையைத் தேடுவது, பப்பாளிக் குழாய் வழியாக எறும்பைத் தேடுகிற வேலை. ஜூம் லென்ஸ் வாங்கியதே இதற்குத்தான். 200-க்கு இறங்குங்கள், பறவையைப் பிடியுங்கள், ஃபோகஸ் ஒட்டியதும் ஏறுங்கள். பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகவேண்டும். பழக, வீட்டு மாடிக்கு மேல் பறக்கும் காகமும் மாடப்புறாவும் போதும். பனை உழவாரனில் தொடங்கினால் கேமராவை விற்றுவிடத் தோன்றும்.

பறவை மரங்களுக்கு முன்னால் போனதும் ஃபோகஸ் பின்னால் தாவிவிடுகிறதா? குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று சொல்லும் செட்டிங் மெனுவில் இருக்கும். நிக்கானில் லாக்-ஆன், கேனனில் ட்ராக்கிங் சென்சிடிவிட்டி. பொறுமை அதிகமுள்ள பக்கம் வையுங்கள். ஒற்றைப் புள்ளியை விட்டு, சுற்றிலும் நாலைந்து புள்ளி சேர்ந்த சின்னக் குழுவுக்கு மாறுங்கள்.

எப்போதும் வாலும் முதுகும்தான் கிடைக்கிறது என்று ஒரு நண்பர் அலுத்துக்கொண்டார். அது கேமராக் கோளாறு இல்லை, நிற்கும் இடத்தின் கோளாறு. பறவைகள் காற்றை எதிர்த்தே கிளம்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். காற்று உங்கள் முதுகில் அடித்தால் இறங்கும் பறவை உங்கள் முகத்தைப் பார்த்தபடி வரும். மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும் நாட்களில், காலையில் ஏரியின் கிழக்குப் பக்கமாக நின்றால் வெயிலும் காற்றும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில், உங்கள் பின்னால். வேறு எதுவும் செய்யாமலே படம் தேறும். உட்கார்ந்திருக்கும் நாரை எச்சமிட்டு, உடலை முன்னால் சாய்த்தால் விரலைத் தயாராக வையுங்கள், அது கிளம்பப் போகிறது.

கொக்கு சுண்ணாம்பு, பருந்து கரிக்கட்டை

கேமராவின் அளவுமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட தண்ணீருக்கு முன் வெள்ளைக் கொக்கு நின்றால், தண்ணீரை வெளிச்சமாக்குகிறேன் என்று கொக்கின் இறகெல்லாம் வெளுத்துப்போகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 பக்கம் கொண்டுபோங்கள். வெளுத்த இடம் மினுக்கும் எச்சரிக்கையைக் கேமராவில் போட்டு வையுங்கள். கொக்கின் மார்பு மினுக்கினால் அந்த இறகு விவரம் ரா (RAW, கேமரா சுருக்காமல் பதியும் கோப்பு) கோப்பிலும் திரும்பி வராமல் போகலாம். நேர்மாறாக, வெளுத்த வானத்துக்கு முன் கரும்பருந்து பறந்தால் பிளஸ் 1, சில நேரம் பிளஸ் 1.7.

நிதானமான வெயிலில் நான் இந்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு மேனுவலுக்குப் போய்விடுவேன். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 400, எஃப் 6.3, 1/2500. நல்ல வெயிலில் முன்வெளிச்சத்தில் இது சரியாக இருக்கும், வெள்ளைப் பறவை என்றால் 1/3200. பறவை வானத்திலிருந்து மரத்துக்கு முன் வந்தாலும் அதன் மேல் விழும் வெயில் மாறப் போவதில்லையே. ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டவர்களுக்குத்தான் ஒரே பறவை ஒரு படத்தில் கறுப்பாகவும் அடுத்ததில் வெளுப்பாகவும் வரும். மேகம் வந்து வந்து போகும் நாளில் மட்டும் ஆட்டோ ஐஎஸ்ஓவைத் திட்டாமல் பயன்படுத்துங்கள்.

படம் மணல் மணலாக இருக்கிறது

ஐஎஸ்ஓவை ஏற்றியதால் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஐஎஸ்ஓ 3200-இல் சரியான வெளிச்சத்தில் எடுத்த படம், 800-இல் இருட்டாக எடுத்துக் கணினியில் இரண்டு ஸ்டாப் தூக்கிய படத்தைவிடப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மணலுக்கு இன்னொரு பெரிய காரணம் வெட்டுவது. வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 சென்டிமீட்டர். இருபது மீட்டரில் அது படத்தில் 2100 பிக்சல் நீளம் வரும். நாற்பது மீட்டரில் அதில் பாதி, பரப்பில் கால்வாசி. அந்தக் கால்வாசியைப் பெரிதாக்கினால் மணல் தெரியாமல் என்ன செய்யும்? ஃபோனில் பார்க்க அது தாராளம், சுவரில் மாட்டத்தான் போதாது.

ராவில் எடுத்திருந்தால் இப்போதுள்ள, மணலை நீக்கும் டினாய்ஸ் மென்பொருள்கள் நிறையக் காப்பாற்றும். லைட்ரூமில்கூட 2023 முதல் அந்த வசதி இருக்கிறது. முழுக்க இழுத்துவிடாதீர்கள், இறகு பிளாஸ்டிக் ஆகிவிடும். மா. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் காட்டு விலங்குகளை எடுத்த காலத்தில் ஆட்டோ ஃபோகஸும் இல்லை, டினாய்ஸும் இல்லை. கொஞ்சம் மணல் இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

சில்லறைக் கோளாறுகள்

600-இல் வைத்த லென்ஸ் 480-இல் இருக்கிறது: தோளில் தொங்கவிட்டு நடக்கும்போது தன் கனத்தால் தானே நகர்கிறது. ஜூம் பூட்டைப் போடுங்கள். பூட்டைப் போட்டது மறந்து வளையத்தை முறுக்கிவிடாதீர்கள்.

பறவையோடு லென்ஸைத் திருப்பி எடுத்த படத்தில் நேரான கோரை சாய்ந்திருக்கிறது, சிறகு ரப்பர் மாதிரி வளைந்திருக்கிறது: சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இருக்கிறீர்கள். சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதால் வரும் வினை. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள்.

நல்ல நேரத்தில் கேமரா படமெடுப்பதை நிறுத்திவிட்டது: கார்டுக்குப் போகுமுன் படங்கள் தங்கும் பஃபர் நிறைந்துவிட்டது. வேகமான கார்டு வாங்கலாம். அதற்குள் விரலுக்குக் கொஞ்சம் அடக்கம் சொல்லிக்கொடுக்கலாம்.

லென்ஸுக்குள் பனி, அப்புறம் பூஞ்சை

ஏசி அறையில் இரவெல்லாம் இருந்த லென்ஸை அதிகாலை ஏரிக்கரையில் பையிலிருந்து எடுத்ததும் படமெல்லாம் பால் ஊற்றிய மாதிரி. குளிர்ந்த கண்ணாடியில் ஈரக் காற்று படிந்து நீராகிறது. துடைத்தால் திரும்பத் திரும்ப வரும். லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றினால் உள்ளேயும் வரும். பையை மூடியபடியே முக்கால் மணி நேரம் வெளிக்காற்றில் வைப்பதுதான் வழி. நான் படம் எடுக்கப் போகும் முந்தின இரவு பையை ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிடுவேன்.

ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸ்கள் மூச்சு விடும். வெளிக்காற்றை உள்ளிழுக்கும், கூடவே தூசியையும் ஈரத்தையும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. முன்கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் மாதிரிக் கிளைகிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. அது வீட்டில் தீரும் வேலை இல்லை, திறந்து துடைக்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். வராமல் தடுப்பது எளிது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. தோல் உறையில் மட்டும் வைத்துப் பூட்டாதீர்கள்.

நெருங்கினாலே பறந்துவிடுகிறது

நேராக நடந்து போகிறீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்கிறீர்கள், அதனால்தான். கோணலாக, நின்று நின்று, வேறெங்கோ போகிறவர் மாதிரிப் போங்கள். கொக்கு மேய்வதை நிறுத்திக் கழுத்தை உயர்த்தினால் அதுதான் எல்லைக்கோடு. அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள், கால் மணி நேரத்தில் அதுவே மறந்துவிடும். பஞ்சுருட்டானுக்கு நெருங்கவே தேவையில்லை. பூச்சியைப் பிடித்ததும் அதே கம்பிக்குத் திரும்பும், கம்பியில் ஃபோகஸ் போட்டுக் காத்திருந்தால் போதும்.

வேடந்தாங்கல் மாதிரி இடத்தில் நெருங்கும் பேச்சே இல்லை. 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் சொல்லி ஊரார் பாதுகாப்பு வாங்கிய ஏரி அது. பறவை தண்ணீருக்கு நடுவே மரத்தில், நாம் கரையில். அங்கே தூரத்துக்கு ஏற்ற படம்தான் எடுக்க வேண்டும்: கூடும் மரமும், கூட்டமாக இறங்குவதும். கூட்டை நெருங்கித் தாயைக் கிளப்பிவிட்டால், நீங்கள் ஃபோகஸ் பார்த்து முடிப்பதற்குள் காகம் முட்டையை எடுத்துப் போய்விடும். கூட்டுப் படம் எனக்கு ஒன்றுகூட இல்லை, குறையாகவும் தோன்றவில்லை.

உண்மையிலேயே லென்ஸ்தான் பழுதா?

அப்படியும் நடக்கும். எல்லாப் படத்திலும் இடது பக்கம் மட்டும் மங்கல் என்றால் அதே நாளிதழ்ச் சுவரை, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு படம் எடுங்கள். கணினியில் அதை நிமிர்த்தாமல் அப்படியே பாருங்கள். மங்கல் அப்போதும் ஃபிரேமின் இடது பக்கமே இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. சுவரின் அதே மூலையோடு போய்விட்டால் நீங்கள் சுவருக்கு நேராக நிற்கவில்லை. ஒரு குறிப்பிட்ட ஜூம் நிலையில் மட்டும் எரர் வருகிறது, ஃபோகஸ் மோட்டாரிலிருந்து கரகரவென்று சத்தம், ஸ்டெபிலைசர் போட்டதும் உருவம் குதிக்கிறது, இவையும் சர்வீஸுக்குப் போகவேண்டிய கேஸ்தான். போகும்போது ட்ரைபாடில் எடுத்த சோதனைப் படங்களைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். ‘கொஞ்சம் மங்கலா இருக்கு’ என்று வாயால் சொன்னால் என்னைத் திருப்பி அனுப்பிய மாதிரிதான் அனுப்புவார்கள். ஹூட், மூடி, வார் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். ரசீதில் லென்ஸின் வரிசை எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.